ஊசித் துளைக்கு ஓர் எண்: ஒரு திறனாய்வு

நூல் திறனாய்வு என்றதும் கதை நூல், கவிதை நூல், வரலாற்று நூல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் நூலை இன்பத்துக்காகப் படிப்பவர் எவரும் இரார். அதில் தலைப்புகளும் எண்களுமே உண்டு. ஆயினும் மக்கள் எதனால் நோயுறுகின்றனர், எதனால் இறக்கின்றனர் என்பதை அரசுகள் பெரும்பாலும் அந்த நூலின் வழியாகவே அறிகின்றன. நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு என்பது அதன் பெயர். 1893-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புள்ளியியலார் ஜாக் பெர்ட்டியோன் தொகுத்தளித்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது இந்நூல். 1948 முதல் இதை உலகச் சுகாதார நிறுவனம் பேணி வருகிறது. இதன் பத்தாம் பதிப்பு 1990-இல் ஏற்கப்பட்டது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் பதிப்பை அமெரிக்கா தன் மருத்துவமனைகளின் தேவைக்கேற்ப விரித்துக்கொண்டது. ஏறத்தாழ எழுபதாயிரம் எண்கள் கொண்ட அந்த விரிவில் ஒரே ஒரு வரியை இக்கட்டுரை ஆராய்கிறது. அதன் எண் ஜி 97.41. மருத்துவச் செயல்முறை ஒன்றின்போது டியூரா என்னும் உறையில் தற்செயலாக ஏற்பட்ட துளை அல்லது கிழிசலை அது குறிக்கிறது.

எழுபதாயிரத்தில் ஒரு வரிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, தமிழ்நாட்டில் 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவங்களில் 44.9 அறுவைப் பிரசவங்கள். அரசு மருத்துவமனைகளில் 36.0, தனியார் மருத்துவமனைகளில் 63.8. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்து நடப்பவை. ஆகவே டியூரா உறை என்பது நம் வீட்டுப் பெண்களைப் பற்றிய செய்தி. இரண்டாவது, அந்த அமெரிக்க எண்களை நோயாளியின் ஏட்டைப் படித்துப் பொருத்தித் தரும் வேலையில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கின்றனர். மெடிக்கல் கோடிங் என்று விளம்பரப் பலகைகளில் காண்பது இந்த வேலைதான். என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர்களிலும் சிலர் இதற்குப் பயிற்சி பெற்றுச் சென்றுள்ளனர்.

உறையும் நீரும்

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று உறைகள் மூடியிருக்கின்றன. அவற்றுள் வெளிப்புறத்தே இருப்பதும் தடித்ததும் டியூரா. உறைகளுக்குள்ளே தெளிந்த நீர் ஒன்று நிறைந்திருக்கிறது. இதை மூளைத் தண்டுவட நீர் என்பர். வளர்ந்த ஒருவரின் உடலில் இது சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு நாளில் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரந்து, அதே அளவு உறிஞ்சப்படுகிறது.

இந்த நீரின் பயனை ஆர்க்கிமிடீசின் தத்துவம் கொண்டு எளிதில் விளக்கலாம். மூளையின் நிறை ஏறத்தாழ 1,400 கிராம். அது இந்த நீரில் மிதப்பதால் அதன் தோற்ற எடை 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நீர் கசிந்து குறைந்தால் மிதப்பு விசையும் குறையும். எழுந்து நிற்கும்போது மூளை சற்றே கீழிறங்கி, வலி உணரும் உறைகளையும் இரத்தக் குழாய்களையும் இழுக்கும். படுத்தால் இழுப்பு தளரும். அழுத்தமும் இதையே காட்டுகிறது. படுத்திருப்பவரின் இடுப்புப் பகுதியில் இந்நீரின் அழுத்தம் பொதுவாக 7 முதல் 18 செ.மீ. நீர்த்தம்ப அளவு. உட்கார்ந்தால் மேலேயுள்ள நீர்த்தம்பத்தின் உயரம் சேர்ந்து 40 செ.மீ. அளவுக்கு ஏறும். அழுத்தம் கூடினால் துளை வழியே கசிவும் கூடும். உட்கார்ந்தால் வந்து படுத்தால் தணியும் தலைவலி இந்தத் துளையின் அடையாளமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

முதுகில் போடும் ஊசி இரு வகை. முதல் வகையில், மிக மெல்லிய ஊசி டியூராவைத் துளைத்து உள்ளே சென்று நீரில் மருந்தைக் கலக்கிறது. அறுவைப் பிரசவத்துக்குப் பெரும்பாலும் போடப்படுவது இதுவே. இங்கே துளை வேண்டுமென்றே செய்யப்படுவது. இரண்டாம் வகை எபிடியூரல். இதில் ஊசி டியூராவுக்கு வெளியே, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள இடைவெளியில் நின்றுவிட வேண்டும். ஒரு மெல்லிய குழாயை உள்ளே செலுத்த வேண்டியிருப்பதால் ஊசி தடித்தது. கை சற்றே முன்னேறினாலும் டியூரா துளைபடும். இதுதான் தற்செயல் துளை. முதுகெலும்பு அறுவையின்போது கருவி பட்டு உறை கிழிவதும் இதே தலைப்பில் சேரும்.

ஊசியின் பருமனைக் குறிக்கும் எண் பெரிதானால் ஊசி மெல்லியதாகும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. 25 எண் ஊசியின் வெளி விட்டம் 0.51 மி.மீ.; 16 எண் ஊசியின் விட்டம் 1.65 மி.மீ. விட்டத்தின் இருமடிக்குத் தக்கபடி பரப்பு மாறும். ஆகவே தடித்த ஊசியின் குறுக்குப் பரப்பு மெல்லிய ஊசியினதைப் போலப் பத்து மடங்குக்கும் சற்று அதிகம். டியூரா மீள்தன்மை உடையதாதலால் துளை ஓரளவு தானே சுருங்கும். எனவே கசிவும் அதே பத்து மடங்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த எண் ஊசி என்ற ஒரு தகவல் இல்லாமல் துளையைப் பற்றிப் பேசுவது, கம்பியின் பருமனைச் சொல்லாமல் அதன் மின்தடையைக் கேட்பது போன்றது.

தன் தலைவலியைத் தானே எழுதியவர்

ஜெர்மனியின் கீல் நகரில் 1891-ஆம் ஆண்டில் ஹைன்ரிக் குவிங்கே இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். அதே நகரில் 16.8.1898 அன்று அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீர் ஒரு தொழிலாளிக்குத் தண்டுவட நீரில் கோக்கெயின் செலுத்திக் காலில் அறுவை செய்தார். நோயாளிகள் சிலருக்குப் பின்னர் தலைவலியும் வாந்தியும் வந்தன. இதன் காரணத்தை அறிய, தன் மீதே இச்சோதனையைச் செய்யும்படி உதவியாளர் ஹில்டபிராண்டைக் கேட்டுக்கொண்டார் பீர்.

மருந்துக்குழல் ஊசியோடு சரியாகப் பொருந்தவில்லை. மருந்தும் வீணாயிற்று, பீரின் தண்டுவட நீரும் ஏராளமாக ஒழுகிற்று. பிறகு ஹில்டபிராண்டுக்குப் பீர் ஊசி போட்டார். அது பலித்தது. முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தும் அவருக்கு வலி தெரியவில்லை. ஆனால் அதன்பின் பீர் பல நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்தால் தலைவலி, படுத்தால் நிவாரணம். நீர் ஒழுகியதே இதற்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார். குழல் பொருந்தாததையும், நீர் ஒழுகியதையும், தலைவலியையும் அவர் 1899-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒளிக்காமல் எழுதினார்.

இந்த மருத்துவ முறையின் முதல் ஆவணமே அதன் தீங்கையும் சேர்த்துப் பதிவு செய்த ஆவணம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பீர் பதிந்தவற்றில் எந்த நிலையில் வலி, எந்த நிலையில் இல்லை, எவ்வளவு நாள் என்பவை இருந்தன. யார் தவறு என்ற ஆராய்ச்சிக்கு அதில் இடமில்லை. பின்னர் வந்தோர் அதைக் கொண்டே மேலே ஆராய முடிந்தது.

எண்ணியதால் கிடைத்த பயன்

1956-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் வாண்டம், டிரிப்ஸ் இருவரும் 10,098 முதுகு ஊசிகளின் பின்விளைவை வெளியிட்டனர். நோயாளிகளைத் தொடர்ந்து விசாரித்து எழுதிய கணக்கு அது. 100-க்கு 11 பேருக்குத் தலைவலி வந்திருந்தது. 16 எண் தடித்த ஊசியில் இது 18. 24 எண் மெல்லிய ஊசியில் 6. ஆண்களில் 7, பெண்களில் 14. ஊசி மெலியவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்கு ஆண்டுகள் சென்று, 1960-இல், கோர்ம்லி என்ற அறுவை மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டார். ஊசி குத்தும்போது இரத்தம் கலந்து வந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வந்தது. இரத்தம் கலந்து வருவது சரியாக அமையாத ஊசியின் அடையாளம். பலர் அதைக் குறிப்பிடவே தயங்குவர். குறிப்பிட்டிருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. உறைந்த இரத்தம் துளையை அடைக்கிறது என்று ஊகித்த கோர்ம்லி, நோயாளியின் இரத்தத்தையே சிறிதளவு எடுத்து அவருடைய டியூராவுக்கு வெளியே செலுத்தினார். தலைவலி நீங்கிற்று. 1970-இல் டிஜோவன்னியும் டன்பரும் கூடுதலான இரத்தத்தைக் கொண்டு இம்முறையை விரிவாகச் செய்து காட்டினர். இரத்த ஒட்டு எனத்தக்க இந்தச் சிகிச்சை இன்றும் கைக்கொள்ளப்படுகிறது.

2018-இல் லான்செட் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு 110 சோதனைகளையும் 31,000-க்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. உறையை வெட்டும் கூர்முனை ஊசியில் 100-க்கு 11.0 பேருக்கும், இழைகளை விலக்கிச் செல்லும் பென்சில் முனை ஊசியில் 4.2 பேருக்கும் தலைவலி வந்திருந்தது. வெட்டுமுனை ஊசி விலை குறைந்தது என்பதால் நம் நாட்டில் அதுவே பல இடங்களில் புழங்குகிறது. சில ரூபாய் வேறுபாட்டுக்கும் ஒரு தாயின் ஒரு வாரத் தலைவலிக்கும் எது மேல் என்று நிர்வாகிகள் கணக்கிட வேண்டுமானால், அந்தத் தலைவலி முதலில் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும்.

வரியின் குறைகள்

இனி ஜி 97.41-க்கு வருவோம். இதன் முதற் குறை தற்செயல் என்ற சொல்லிலேயே இருக்கிறது. இயற்பியலில் நாம் ஓர் நிகழ்ச்சியை அளக்கும்போது, அதை நிகழ்த்தியவர் என்ன எண்ணினார் என்று கேட்பதில்லை. இந்த எண்ணோ துளையின் அளவையோ இடத்தையோ கசிவையோ கேட்காமல், மருத்துவரின் நோக்கத்தை மட்டும் கேட்கிறது. வேண்டுமென்றே துளைத்தால் இந்த எண் இல்லை. துளைக்க எண்ணாமல் துளைத்தால் இந்த எண். நோயாளியின் தலைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இரண்டாவது, ஒரே துளையின் விளைவுகள் பல அறைகளில் சிதறிக் கிடக்கின்றன. முதுகு ஊசியால் தண்டுவட நீர் கசிந்தால் ஜி 97.0. அதனால் வரும் தலைவலி முதலிய பிற விளைவுகளுக்கு ஜி 97.1. பிரசவ வேளையில் மயக்க ஊசியால் வந்த தலைவலிக்கு ஓ 74.5. பிரசவித்தபின் வந்தால் ஓ 89.4. தலைவலிகளை எண்ணப் புகுபவர் இத்தனை அறைகளையும் திறக்க வேண்டும். திறந்தாலும் எந்தத் தலைவலி எந்த வகை ஊசியால் வந்தது என்பது தெரியாது. ஊசியின் எண்ணுக்கு எந்த அறையிலும் இடமில்லை.

மூன்றாவது, அறையை மாற்றினால் கணக்கு மாறிவிடுகிறது. அமெரிக்காவில் முன்பிருந்த ஒன்பதாம் பதிப்பில் டியூராக் கிழிசல், அறுவையின்போது நேரும் எல்லாத் தற்செயல் துளைகளோடும் 998.2 என்ற ஒரே எண்ணில் அடங்கியிருந்தது. 1.10.2008 முதல் அதற்கு 349.31 என்ற தனி எண் கிடைத்தது. 1.10.2015 முதல் அது ஜி 97.41 ஆயிற்று. பழைய பொது எண்ணை மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்கு 2008-க்குப் பிறகு தற்செயல் துளைகள் குறைந்துவிட்டதாகத் தோன்றும். அறுவைக் கூடத்திலோ எந்த மாற்றமும் நிகழ்ந்திராது. அளவுகோலை நடுவில் மாற்றிவிட்டு அளவுகளை ஒப்பிடக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவனுக்குச் சொல்லும் பாடம்.

நான்காவது குறையே மிகப் பெரிது. குறியீட்டுப் பணியாளர் துளையைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதிய வாக்கியத்தையே பார்க்கிறார். அமெரிக்க விதிகளின்படி, சிகிச்சையின்போது நேர்ந்த ஒன்றைச் சிக்கல் எனக் குறிக்க, சிகிச்சைக்கும் அதற்கும் உள்ள தொடர்பை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். தெளிவில்லாவிட்டால் அவரிடமே எழுதிக் கேட்க வேண்டும். தானாக முடிவு செய்யப் பணியாளருக்கு உரிமையில்லை. மருத்துவரோ, தற்செயல் துளை என்று எழுதினால் அது குற்ற ஒப்புதலாகிவிடுமோ என்று அஞ்சுகிறார். அந்நாட்டில் இத்தகைய எண்கள் கட்டணத்தையும் தொடுகின்றன, மருத்துவமனையின் நற்பெயரையும் தொடுகின்றன, வழக்குமன்றம் வரையிலும் செல்கின்றன. எனவே சொற்கள் மெருகேறுகின்றன. முதுகெலும்பு அறுவையில் டியூராக் கிழிசல் 100-க்கு 1 என்று சில ஆய்வுகளும், 17 வரை என்று வேறு சில ஆய்வுகளும் கூறுகின்றன. அறுவையின் கடுமையும் முன்பே அறுவை நடந்திருப்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணங்களே. ஆனால் எதைக் கிழிசல் என்று எழுதுவது என்பதில் உள்ள வேறுபாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அளக்கும் கருவியே அச்சத்தால் நடுங்கினால் அளவு எப்படி நிலைக்கும்?

குறையுள்ள எண்ணும் செய்த நன்மை

இத்தனை குறைகளைச் சொன்னதால் இந்த எண்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று வாசகர் கருத வேண்டாம். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவற்றின் மதிப்பைக் காட்டுகிறது. அமெரிக்காவில் 2010 முதல் 2016 வரை நடந்த 2 கோடியே 21 லட்சம் பிரசவங்களின் குறியீட்டு எண்களை ஆய்வாளர்கள் அலசினர். 68,374 தாய்மாருக்கு முதுகு ஊசிக்குப் பிந்திய தலைவலி பதிவாகியிருந்தது. அவர்கள் தேடியது வேறொன்றை: மூளையின் வெளியுறைக்குக் கீழே இரத்தம் கட்டுதல். மூளை கீழிறங்கும்போது சிறு சிரைகள் இழுபட்டு அறுந்தால் இது நேரலாம். உயிருக்கே ஆபத்தானது. மொத்தப் பிரசவங்களில் இது லட்சத்துக்கு 1.5 தான். தலைவலி பதிவான தாய்மாரிடமோ லட்சத்துக்கு 147. வேறு காரணங்களை ஒதுக்கிப் பார்த்த பின்னும் தொடர்பு வலுவாகவே நின்றது.

லட்சத்துக்கு 147 என்பது சிறு எண்தான். தலைவலி வந்த தாய் ஒவ்வொருவரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை அரிய ஆபத்தை எந்த ஒரு மருத்துவரும் தம் வாழ்நாள் அனுபவத்தால் கண்டறிய முடியாது. கோடிக்கணக்கான ஏடுகளில் ஒரே வகையாக எண் இடப்பட்டிருந்ததால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. தலைவலி மட்டுந்தானே என்று அனுப்பிவிடாமல், தணியாத தலைவலியையும், படுத்தும் குறையாமல் போன தலைவலியையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கைக்கு இந்த எண்கள் ஆதாரமாயின.

நம் ஊர்க் கணக்கு

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பேரையூர்ப் பகுதிக் கிராமங்களில் அறுவைப் பிரசவமான பெண்களிடம் பேசினால் ஒரே வாசகம் மீண்டும் மீண்டும் காதில் விழும்: முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி போகவில்லை. மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை இதை உறுதியாக நம்புகின்றனர். மருத்துவர்களோ ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். யார் சொல்வது சரி?

இதே கேள்வி இங்கிலாந்திலும் எழுந்தது. 1990-இல் பர்மிங்காமில் 11,701 தாய்மாரிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்ட ஆய்வில், எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 18.9 பேரும், போடாதவர்களில் 10.5 பேரும் நீண்டநாள் முதுகுவலி உண்டு என்றனர். ஊசிதான் காரணம் என்றே தோன்றிற்று. ஆனால் அது பிரசவமாகிப் பல காலம் சென்றபின் நினைவிலிருந்து சொன்ன கணக்கு. பின்னர், முன்கூட்டியே இரு குழுவாகப் பிரித்துத் தொடர்ந்து கவனித்த சோதனைகளில் இந்த வேறுபாடு காணப்படவில்லை. கருவைச் சுமந்த உடலின் மாற்றம், குனிந்து நிமிர்ந்து குழந்தையைத் தூக்குதல், ஓய்வின்மை முதலியனவே பெரும்பாலான வலிக்குக் காரணம் என்று கொள்ள இடமுண்டு. அதே வேளையில், தடித்த ஊசியால் தற்செயலாக டியூரா துளைபட்ட தாய்மாரிடம் நீண்டநாள் தலைவலியும் முதுகுவலியும் கூடுதலாகக் காணப்படுவதாக அண்மைய ஆய்வுகள் சில தெரிவிக்கின்றன.

ஆகவே ஒரு பெண்ணுக்குச் சரியான விடை சொல்ல வேண்டுமானால், அவளுக்குப் போட்டது எந்த வகை ஊசி, எத்தனை முறை குத்தப்பட்டது, தற்செயல் துளை நேர்ந்ததா என்று தெரிந்தாக வேண்டும். மயக்க மருந்து மருத்துவரின் குறிப்பில் இவற்றுள் சில இருக்கக்கூடும். அந்தக் குறிப்பு மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்கு வரும் டிஸ்சார்ஜ் சீட்டுகள் பலவற்றை நான் படித்துப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் எடை இருக்கிறது, தையல் பிரிக்கும் நாள் இருக்கிறது, மாத்திரைப் பட்டியல் இருக்கிறது. முதுகு ஊசியைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டு சொல்லுக்கு மேல் இல்லை. இத்தலைவலி ஊசி போட்ட ஐந்து நாட்களுக்குள் தொடங்குவது. தாய் வீடு திரும்பிய பின்னும் அது வரலாம். அப்போது அவள் போவது தெருமுனை மருந்துக் கடைக்கு. அந்தத் தலைவலி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

எண் நிலைமை இதைவிடப் பின்தங்கியது. நம் நாடு பின்பற்றுவது உலகச் சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பை. அதில் ஜி 97.41 என்ற வரியே இல்லை. அது அமெரிக்கா தனக்கென்று சேர்த்துக்கொண்டது. இறப்புப் பதிவுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவர் காரணம் சான்றளித்திருந்தார். இறப்புக்கே இந்த நிலை என்றால், தலைவலிக்கு யார் எண் கொடுப்பார்?

இங்குதான் ஒரு முரண்பாடு கண்ணை உறுத்துகிறது. கடல் கடந்த ஒரு நோயாளியின் டியூராத் துளைக்குச் சரியான எண் எது என்று நம் பிள்ளைகள் இரவு பகலாகத் தேடித் தருகின்றனர். சம்பளம் கிடைக்கிறது, அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் சொந்த அக்காவுக்கு உள்ளூரில் நேர்ந்த அதே துளைக்கு எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. திறமை நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

இதை நம்மால் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1994 முதல் தமிழ்நாட்டில் பிரசவத் தொடர்பான தாய் இறப்பு ஒவ்வொன்றையும் தெரிவித்து ஆராயும் முறை வளர்க்கப்பட்டது. வீட்டில் என்ன நடந்தது, வண்டி எப்போது வந்தது, இரத்தம் கிடைத்ததா என்றெல்லாம் அதில் விசாரிக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2004–06-இல் 111 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் எங்கே தவறுகிறோம் என்பதைக் காட்டிய விளக்குகளில் இந்த விசாரணையும் ஒன்று. உயிர் போனால் எழுதுகிறோம். உயிர் போகாத தீங்கையும் எழுதுவதே அடுத்த படி.

என்ன எழுத வேண்டும்?

பெரிய கணினி ஏற்பாடுகள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆறு வரிகள் போதும். ஊசியின் வகையும் எண்ணும்; எந்த முள்ளெலும்புகளுக்கு இடையே போடப்பட்டது; எத்தனை முறை குத்தப்பட்டது; எதிர்பாராமல் நீர் வந்ததா; தலைவலி வந்ததா, எந்த நாளில், படுத்தால் தணிந்ததா; அதற்கு என்ன செய்யப்பட்டது. இவற்றுள் ஒன்றும் மருத்துவரின் திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. எல்லாம் கண்ணால் காண்பவை, எண்ணக் கூடியவை. தற்செயலா, தவிர்க்க முடியாததா, கவனக் குறைவா என்ற ஆராய்ச்சி வேண்டுமானால் அது வேறொரு தாளில், வேறொரு குழுவால் நடக்கட்டும். நிகழ்ச்சியையும் குற்றத்தையும் ஒரே சொல்லில் அடைத்ததே ஜி 97.41-இன் அடிப்படைப் பிழை.

பதினோராம் பதிப்பு இந்தத் திசையில் ஓரளவு நகர்ந்திருக்கிறது. சிகிச்சையால் நேர்ந்த தீங்கை அது மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்கிறது: நேர்ந்த தீங்கு என்ன, எந்தச் செயல்முறையாலோ கருவியாலோ நேர்ந்தது, எவ்வாறு நேர்ந்தது. மூன்று எண்களையும் சேர்த்துக் கட்டலாம். இது நல்ல மாற்றம். ஆனால் நூல் எத்தனை அறைகளைத் திறந்து வைத்தாலும், அதில் இடுவதற்கு மருத்துவர் எழுதிய ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதியவரைத் தண்டிக்காத நிர்வாகமும் வேண்டும்.

மக்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. துளை நேர்ந்தது என்று உண்மையை எழுதித் தந்த மருத்துவர் மீது உடனே பாய்ந்தால், அடுத்த முறை அவர் எழுதமாட்டார். கை தேர்ந்தவரிடமும் இது நேரும். 2003-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி பிரசவ எபிடியூரல் ஊசிகளில் 100-க்கு 1.5 அளவில் தற்செயல் துளை நேர்கிறது, அவ்வாறு துளைபட்டவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி வருகிறது. எனவே வீடு திரும்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: முதுகில் போட்ட ஊசியைப் பற்றிய விவரம் சீட்டில் இருக்கிறதா? தலைவலி வந்தால் யாரிடம் வர வேண்டும்? இவற்றைப் பணிவாகக் கேட்கும் பழக்கம் பரவினால் சீட்டில் அந்த வரிகள் தாமாக இடம்பெறத் தொடங்கும்.

குறியீட்டுப் பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் இடும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஓர் உடலும் ஒரு நிகழ்ச்சியும் இருக்கின்றன. ஓ 89.4 என்று தட்டும்போது, எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாமல் படுத்திருக்கும் ஒரு தாயைக் குறிக்கிறீர்கள். அந்தத் தாயைப் போன்றவர்களின் எண்களைக் கூட்டித்தான் மூளையில் இரத்தம் கட்டும் ஆபத்து கண்டறியப்பட்டது. உங்கள் தொழிலின் மதிப்பு அதில் இருக்கிறது. அந்த மதிப்பு நம் ஊர்த் தாய்மாருக்கும் கிடைக்க, இங்கே எழுதப்படும் சீட்டுகள் மாற வேண்டும்.